கேமரா நிற்கும் இடம்

சாலிகிராமம், சென்னை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ கேட்ட கேள்வியை நான்கு நாட்களாக மனத்துக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். "அப்பா, இந்த வேலை இன்னும் ஐந்து வருடம் இருக்குமா, இல்லை இப்போதே வேறு படிப்பைப் பார்க்கட்டுமா?" என்றாய். நான் "பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்று சொல்லி ஃபோனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது பதில் ஆகாது. படம் எடுக்கும் முன்பே ஒவ்வொரு காட்சியையும் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுகிற இந்த ஸ்டோரிபோர்டு வேலையிலேயே இருபத்தாறு ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதுவதுதான் நியாயம்.

முதலில், போனது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் இரவு இரண்டு மணி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு வண்ணம் தீட்டினேனே, அவற்றில் பாதிக்கு மேல் விளம்பர ஏஜென்சிகள் தங்கள் வாடிக்கையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவதற்கான ஃப்ரேம்கள். படப்பிடிப்புக்கு வரையும் போர்டு வேறு. இது பார்த்தவுடன் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டிய படம். உன் கல்லூரிக் கட்டணம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வந்தது. 2022இல், எழுதிக் கேட்டால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களான மிட்ஜர்னியும் ஸ்டேபிள் டிஃப்யூஷனும் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த அழைப்புகள் எனக்கு ஏறக்குறைய நின்றுவிட்டன. நான் பல ஆண்டுகள் வேலை செய்து கொடுத்த ஒரு நிறுவனம், என்னுடைய பழைய ஃப்ரேம்களையே மாதிரியாகக் காட்டி இயந்திரத்திடம் படங்களை எடுத்து, அவற்றில் விரல்களையும் கண்களையும் மட்டும் திருத்தித் தரச் சொல்லி எனக்கே அனுப்பிவைத்தது. அந்தப் படங்களில் என் நிழல் போடும் முறை இருந்தது. அன்று உன் அம்மாவிடம்கூட எதுவும் சொல்லாமல் படுத்துவிட்டேன். வேலையை மறுநாள் திருப்பி அனுப்பினேன்.

உன் தாத்தாவுக்கு நேர்ந்ததையும் நீ நினைத்திருப்பாய். அண்ணா சாலையில் நாற்பது அடி கட்-அவுட்டுக்குச் சாரத்தில் ஏறி முகம் எழுதியவர் அவர். ஃப்ளெக்ஸ் அச்சு வந்த சில ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலே சென்னையில் இல்லாமல் போயிற்று. கையால் எழுதியதன் அருமை தெரிந்து மக்கள் திரும்பக் கேட்பார்கள் என்று அவர் கடைசி வரை நம்பினார், ஒருவரும் கேட்கவில்லை. நம் நிலைமை ஒரு விதத்தில் அதைவிடக் கடினமானது. அவர் எழுதிய முகத்தையாவது ஊரே அண்ணாந்து பார்த்தது. நாம் வரைவதைப் படக்குழுவுக்கு வெளியே யாரும் பார்ப்பதில்லை, படம் முடிந்ததும் அது குப்பைக்குப் போகிறது. ஆகவே கைவேலைக்கு என்றும் மதிப்பு உண்டு என்ற ஆறுதலை நான் உனக்குச் சொல்ல மாட்டேன். நம்மிடம் வேறு ஏதாவது இருந்தால்தான் நாம் நிற்க முடியும்.

அப்படி ஒன்று இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதைச் சென்ற புரட்டாசியில் கண்ணெதிரே பார்த்தேன்.

ஓர் இளம் இயக்குநர், நல்ல பையன், நாற்பது ஃப்ரேம்களை இயந்திரத்திலேயே உருவாக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீடு. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பெண் மாடியிலிருந்து இறங்கி ஓடுகிறாள். ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பதினோராவது ஃப்ரேமில் வலமிருந்து இடமாக ஓடுகிறவள் பன்னிரண்டாவதில் இடமிருந்து வலமாக ஓடுகிறாள், கேமரா அவள் ஓட்டத்தின் மறுபக்கத்துக்குத் தாவி லைன் கிராஸ் ஆவதால், அவள் மறுபடியும் மாடிக்கே திரும்பி ஓடுவது போல இருக்கிறது. தோள்பை பக்கம் மாறுகிறது. ஜன்னலே இல்லாத படிக்கட்டில் பக்கவாட்டிலிருந்து வெயில் விழுகிறது. ஒளிப்பதிவாளர் ஒரு ஃப்ரேமைக் காட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சார், இதற்குக் கேமராவை எங்கே வைப்பது? அங்கே சுவர் இருக்கிறதே."

மறுநாள் மூன்று பேரும் அந்த வீட்டுக்குப் போனோம். படியின் அகலத்தை டேப் வைத்து அளந்தேன், இரண்டரை அடி. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போட்டு வரைய ஆரம்பித்தேன். படிக்கட்டு திரும்பும் இடத்தில் கேமராவைத் தரையோடு வைத்து மேல் நோக்கிப் பார்த்தால் கால்கள் மட்டும் வரும். முகத்தை ஏன் இப்போதே காட்ட வேண்டும் என்று இயக்குநரிடம் கேட்டேன். அவள் தெருக்கதவைத் திறந்ததும் வெளிச்சம் முகத்தில் விழுமே, அதுவரை காட்டாமல் வைத்திருக்கலாம் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தன் அம்மா விஷயத்தில் தனக்கே அப்படித்தான் நடந்தது, அன்று படியிறங்கியதே நினைவில் இல்லை, கதவைத் திறந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது என்றார். நாற்பது ஃப்ரேம் ஒன்பது ஷாட்டாகக் குறைந்தது. அரை நாள் படப்பிடிப்பு மிச்சமாயிற்று. நான் வரைந்த ஒன்பதும் கோணல்மாணலான பென்சில் கிறுக்கல்கள்தாம்.

நீ இருக்கும் கலிபோர்னியாவின் பர்பேங்கிலிருந்து சில மைல் தொலைவில், ஹைபீரியன் அவென்யூவில் டிஸ்னி ஸ்டுடியோ இருந்த 1930களின் தொடக்கத்தில்தான், காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து பலகையில் குத்தி வைக்கும் வழக்கம் உருவானது. பிடிக்காததைப் பிடுங்கி எறியலாம், இடம் மாற்றிக் குத்தலாம் என்பதுதான் அந்தப் பலகையின் முழுப் பயனும். படம் அரைகுறையாக இருக்க வேண்டியது அதற்கு அவசியம். அரைகுறையாக இருப்பதைக் கிழிக்க யாருக்கும் மனம் கூசாது. இயந்திரம் தருகிற படமோ முதல் நிமிடத்திலேயே முடிந்துபோன படம் போலத் தோன்றுகிறது. அந்தப் பையன் நாற்பது ஃப்ரேம்களில் ஒன்றைக்கூடத் தூக்கி எறிய முடியாமல் தவித்ததற்கு அதுதான் காரணம். கேமரா எங்கே நிற்கிறது, எதைக் காட்டாமல் விடுகிறோம் என்ற முடிவை யாராவது எடுத்தே ஆக வேண்டும். நமக்குக் கொடுக்கும் கூலி அந்த முடிவுக்குத்தான் என்பதை நானே இவ்வளவு தெளிவாக முன்பு உணர்ந்ததில்லை.

ஆனால் உன்னை நினைக்கும்போது என் கவலை வேறு. நீ இன்னும் ரிவிஷன் பார்க்கிற இடத்தில் இருக்கிறாய்: பிறர் போட்ட போர்டில் கோடுகளைச் சுத்தம் செய்வது, பாத்திரத்தின் உருவத்தை அதற்கென்று வரைந்து வைத்த மாதிரித் தாளான மாடல் ஷீட்டுக்கு ஒத்துவரச் செய்வது, இயக்குநரின் குறிப்புப்படி கை இருக்கும் இடத்தை மாற்றுவது. இயந்திரம் முதலில் கேட்கப்போவது அந்தப் படியைத்தான். அந்தப் படியில் நின்றுதான் நாங்களெல்லாம் கற்றுக்கொண்டோம். என் குருநாதரின் போர்டுகளை ஓராண்டு முழுவதும் நகலெடுத்தேன். அவர் ஏன் இந்த ஷாட்டை வெட்டினார், ஏன் இங்கே குளோஸப்புக்குப் போகவில்லை என்பதெல்லாம் கை வலிக்க வலிக்கத்தான் புத்தியில் ஏறியது. அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? இதைப் பற்றி முதலாளிகள் யாரும் கவலைப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

உனக்காவது அங்கே அனிமேஷன் கில்டு என்ற தொழிற்சங்கம் இருக்கிறது. 2024 டிசம்பரில் உறுப்பினர்கள் ஸ்டுடியோக்களோடு ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் இந்த இயந்திரங்களைத் தடுத்து நிறுத்தவில்லை என்று உன் தோழிகள் வருத்தப்பட்டதாகச் சொன்னாய், வருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிடாதே. ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் நின்றதால்தான் அவர்களுடைய ஒப்பந்தத்தில் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய விதிகள் இடம்பெற்றன. நான் இங்கே தனி ஆளாக நின்றதால், அந்தத் திருத்த வேலையைத் திருப்பி அனுப்பியதோடு என் எதிர்ப்பு முடிந்துபோயிற்று. 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னி மீது வழக்குப் போட்டார்களே, அது அவர்களுடைய பாத்திரங்களைக் காப்பதற்காக. உன் கோட்டையும் என் நிழலையும் காப்பதற்கு நாம்தான் சேர்ந்து நிற்க வேண்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இப்போதே தொழிலை விட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் கோட்டைச் சுத்தமாகப் போடுகிற பெண் என்ற பெயரோடு மட்டும் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்துவிடாதே. போர்டுகளை அடுக்கிப் படம் போல ஓட்டிப் பார்க்கிற அனிமேட்டிக்கை வெட்டும்போது எடிட்டர் பக்கத்தில் உட்கார அனுமதி கேள். எந்த ஃப்ரேம் தூக்கி எறியப்படுகிறது, ஏன் எறியப்படுகிறது என்று பார். ஒரு சிறு காட்சியையாவது முதலிலிருந்து நீயே போர்டு செய்யும் வாய்ப்பைக் கேட்டு வாங்கு. இயந்திரத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கப்பலின் உட்புறம் எப்படி இருக்கும், பனி விழும் தெரு எப்படி இருக்கும் என்று பார்க்க நானும் அதைக் கேட்டதுண்டு. ஆனால் திரைக்கதையைப் படித்ததும் போடுகிற முதல் தம்ப்நெயில் கிறுக்கல் உன் கையால் போட்டதாக இருக்கட்டும். அதை அதனிடம் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு நீ செய்வதெல்லாம் விரலும் கண்ணும் திருத்துகிற வேலையாகிவிடும்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே இரண்டு படங்கள் கையில் இருக்கின்றன; ஒன்று அந்தத் திருவல்லிக்கேணிப் பையனுடைய அடுத்த படம். நீ மாதாமாதம் அனுப்புவதை ஆறு மாதம் நிறுத்திவிட்டு, அந்தத் தொகையில் காட்சியமைப்பைக் கற்றுத்தரும் லேஅவுட் வகுப்பில் சேர விரும்பினால் சேர். அம்மாவிடம் பேசிவிட்டேன், அவளுக்கும் சம்மதம்.

மழை நாளில் பேருந்தைத் தவறவிட்ட இரண்டு குழந்தைகள் என்று ஒரு காட்சி சொன்னாயே, உனக்குக் கொடுக்காமல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டாயே, அதை யாரும் கேட்காவிட்டாலும் நீ வரைந்து எனக்கு அனுப்பு. இரண்டு பக்கம் போதும். நானும் இங்கே அதே காட்சியை வரைந்து வைக்கிறேன். வருகிற ஞாயிறு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம். குடை யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை.

அன்புடன்,
அப்பா