வில் மாறினால் அம்பும் மாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லில் பழகிய நம் நெல்லைச் சீமை இளைஞர்கள் லாங்போ என்னும் நெடுவில்லை விரும்பி எடுப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் சைட் (குறி பார்க்கும் கருவி), கிளிக்கர் (முழு இழுப்பை ஒலியால் சொல்லும் தகடு), ஸ்டெபிலைசர் (வில்லை ஆடாமல் நிறுத்தும் கோல்) இல்லாத ரிகர்வ்தான் லாங்போ என்று எண்ணி மாறினால் தோளும் கெடும், வில்லும் கெடும்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, 28 அங்குல இழுப்புக்கு உரியது. ஓர் அங்குலம் கூடினால் இரண்டு மூன்று பவுண்டு ஏறும். ரிகர்வின் நுனி வளைவு இழுப்பின் கடைசியில் விரிந்து கொடுக்கும். லாங்போவில் அந்த உதவி குறைவு. நீளம் குறைந்த வில்லானால் கடைசி இரண்டு அங்குலத்தில் பாரம் சட்டென்று ஏறும். 38 பவுண்டு ரிகர்வ் இழுத்தவர் 32, 33இல் தொடங்குவதே சரி. பெருமைக்காக 45 வாங்கினால், நாண் தாடையைத் தொடும் முன்பே விரல் விட்டுவிடும், அம்பு தாழ்ந்துபோகும்.

அதிகம் பிழை நடப்பது அம்பில்தான். ரிகர்வின் நடுப்பகுதி வெட்டப்பட்டிருப்பதால் அம்பு நாணுக்கு நேராக அமரும். லாங்போவில் அது சற்று வெளியே தள்ளி அமர்ந்து, கைப்பிடியைச் சுற்றி வளைந்து போக வேண்டும். அதற்கு நன்றாக வளைந்து கொடுக்கும் தண்டு தேவை. வலக்கைக்காரருக்கு அம்பு ஓயாமல் இடப்பக்கம் போனால் முதலில் தண்டின் விறைப்பைச் சந்தேகியுங்கள். அம்பின் வால்புறத்தில் பிளாஸ்டிக் சிறகு இருந்தால் வில்லில் உரசித் தெறிக்கும். இறகுதான் மடங்கி வழிவிடும். அம்பின் எடையை வில்லின் ஒரு பவுண்டுக்கு 10 கிரெய்ன் என்று வையுங்கள்: 35 பவுண்டு வில்லுக்கு 350 கிரெய்ன், சுமார் 23 கிராம். லேசான கார்பன் அம்பைப் போட்டால் மிஞ்சிய விசை வில்லிலேயே தங்கிக் கையை உதறும். லாங்போ போட்டிப் பிரிவில் எப்படியும் மரத்தண்டும் இறகும்தான் விதி.

நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி ரிகர்வில் எட்டு, ஒன்பது அங்குலம் இருக்கும். லாங்போவுக்கு பெரும்பாலும் ஆறு முதல் ஏழரை போதும். நாணை முறுக்கிச் சரிசெய்யலாம். இடைவெளி குறைவென்பதால் நாண் முன்கையில் அடிக்கும், கைக்காப்பு அவசியம். பழைய மரவில்லுக்கு, சற்று நீண்டு கொடுக்கும் டேக்ரான் இழை நாணே போடுங்கள். நீளாத புதுவகை நாண் நுனியைப் பிளந்துவிடும்.

கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையின் அடிப்பகுதி நன்றாகப் படியட்டும். முழங்கை சிறிது மடங்கியிருக்கலாம். முதல் இரண்டு வாரம் பத்து மீட்டருக்கு மேல் போக வேண்டாம். வைக்கோல் புரியை இறுக்கிக் கட்டிய இலக்கில், வட்டத்தாள் ஒட்டாமல், மூன்று மூன்று அம்பாக எய்தால் போதும்.

வீசுகோல் பட்டு நாண் ஒலிக்கும் வில்லுப்பாட்டு நம் மண்ணின் சொத்து. அந்த நினைவிலோ என்னவோ, எய்யும் வில்லைக் கையில் வாங்குகிறவர்கள் வெறும் நாணை இழுத்து விட்டுப் பார்க்கிறார்கள். அம்பில்லாமல் விட்டால் ஒரே தடவையில்கூட வில் உடையலாம். அக்கினி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் அடுக்குகளை ஒட்டிச் செய்த வில்லின் பசை விட்டுப்போகும். குற்றாலச் சாரலில் நனைந்த இறகு படிந்துவிடும். உலர்த்திய பிறகே எய்யலாம். பயிற்சி முடிந்ததும் நாணை இறக்கிவிடுங்கள்.

வில் விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை. வாங்குபவரின் இழுப்பு நீளத்தை அளந்து, அந்த நீளத்தில் எத்தனை பவுண்டு என்பதைத் தராசில் பார்த்து ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வில் பயிற்றுநர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.