கடை மெஸனைன்களில் தீப் பாதுகாப்பு ஆய்வு நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கடைகளுக்கு இரும்பு ஃபேப்ரிகேஷன், வயரிங், தீத்தடுப்பு வேலை செய்வோர்,
மாசி வீதிகள் மற்றும் விளக்குத்தூண் பகுதி, மதுரை.

பெறுநர்:
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
மதுரை மாநகராட்சி.

நகல்: மாவட்டத் தீயணைப்பு அலுவலர், மதுரை.

பொருள்: வணிகக் கட்டடங்களில் உள்ள மெஸனைன் தளங்களை (கடைக்குள் தரைக்கும் கூரைக்கும் நடுவே போடும் இடைத்தளங்களை) தீபாவளிச் சரக்கு இறங்கும் முன் ஆய்வு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களுக்கு, வணக்கம்.

2020 தீபாவளியன்று தெற்கு மாசி வீதிப் பகுதி ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் கட்டடம் இடிந்து இறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அது பழைய கட்டடம். எங்கள் கோரிக்கை, இப்போது கடைக்குக் கடை போடப்படும் இரும்பு மெஸனைன் பற்றியது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன்படி மெஸனைன் உயரம் குறைந்தது 2.2 மீட்டர் இருக்க வேண்டும். பரப்பு கட்டடத்தின் அடித்தளப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தளத்துக்கு மேலேயும் கீழேயும் 2.2 மீட்டர் விட்டு, தளத்தின் இரும்புச் சேனல், பிளைவுட் கனத்தையும் சேர்த்தால் 15 அடி உயரம் தேவை. ஆனால் கடைக்காரர்கள் 12 அடி உயரக் கடையைக் குறுக்கே பிரித்து முழு நீளத்துக்கும் தளம் போட எங்களிடம் சொல்கிறார்கள். அங்கே சேலைக் கட்டுகள், பாலித்தீன் கவர், அயர்ன் பாக்ஸ், தைக்கும் ஆட்கள். இறங்க இரண்டடி அகல வளைபடி ஒன்றுதான். அதன் அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி. தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடமே வெளியேறும் வழியாகவும் இருக்கிறது.

திறந்த மெஸனைனுக்கும் கீழ்த்தளத்துக்கும் காற்று ஒன்றே. கீழே பிடித்த தீயின் புகை முதலில் மேலேதான் தேங்கும். கீழே நிற்பவர் வாசலுக்கு ஓடிவிடுவார். மேலே இருப்பவர் புகைக்குள்தான் படியைத் தேட வேண்டும். மெஸனைனுக்கு அடியில் எரிந்தால் மேல்கூரையில் உள்ள ஸ்பிரிங்க்ளருக்கு (சூடு பட்டால் தானே நீர் தெளிக்கும் கருவிக்கு) அது நேரே எட்டாது, மெஸனைன் தட்டு மறைத்துவிடும். இரும்பு எரியாது என்பது உண்மை. ஆனால் 550 டிகிரி செல்சியஸை ஒட்டி அதன் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். மெல்லிய இரும்பு ஆங்கிள் அந்தச் சூட்டை வெகு சீக்கிரம் எட்டும். சரக்கோடு தட்டு தொய்வது அப்போதுதான்.

ஆகவே, ஆட்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மெஸனைனுக்கும் இரண்டாவது வழியைக் கட்டாயமாக்க வேண்டுகிறோம். வணிகக் கட்டடப் படிக்கு விதி கேட்பது 1.5 மீட்டர் அகலம். மாசி வீதியின் குறுகிய கடையில் இரண்டு படியும் அந்த அகலத்தில் அமையாது என்பது எங்களுக்குத் தெரியும். முதல் படியை விதிப்படி நேர்ப்படியாக, மிதி 30 செ.மீ., ஏற்றம் 15 செ.மீ. என்று வைத்து, இரண்டாவது வழிக்குப் பின் சந்துக்கோ பக்கத்து மாடிக்கோ பூட்டாத, 1 மீட்டர் அகலக் கதவு வைத்தாலே பல உயிர் பிழைக்கும். அதுவும் முடியாத இடத்தில் மெஸனைனில் ஆள் உட்காரக் கூடாது, சரக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள்.

ஸ்பிரிங்க்ளரும் புகை டிடெக்டரும் தட்டின் மேலும் அடியிலும் தனித்தனியாக வேண்டும். தூண்களுக்குச் சூடு பட்டால் உப்பி இரும்பைக் காக்கும் பெயிண்ட் அல்லது தீ தாங்கும் போர்டு உறை. 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் படியின் மேல்முனையில் இருக்கட்டும். கடைக்கோடி மூலையில் மாட்டுவதால் பயனில்லை. மேல்தள வயரிங் தனி எம்சிபி (மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்சிசிபியோடு (மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச்) வாசலருகே நிறுத்தும்படி இருக்க வேண்டும். தெர்மாகோல் ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். படியடியில் பேட்டரியோ அட்டைப்பெட்டியோ இருந்தால் ஆய்வன்றே அகற்ற உத்தரவிடுங்கள்.

ஆடித் தள்ளுபடி முடிந்து புதுச்சரக்கு இறங்கும் இடைவெளியில் தளம் ஓரளவு காலியாக இருக்கும். வெல்டிங் வேலைக்கும் அதுதான் தோது. அந்த வாரங்களிலேயே மாநகராட்சிப் பொறியாளரும் தீயணைப்பு அலுவலரும் சேர்ந்து ஆய்வு நடத்த உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
மதுரை.