நிற்கும் வண்டியின் செலவு

நரிமேடு, மதுரை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். பேத்திக்குப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதால் வீடு கலகலப்பாக இருக்கிறது. பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்துவிட்டதையும், அதிலிருந்து 18 லட்சத்தை எடுத்துப் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கிப் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் பொருத்திய கேரவனாக மாற்றிக்கொள்ள நீ எண்ணியிருப்பதையும் படித்தேன். இங்கிலாந்தில் உன் மகன் அப்படியொரு வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறான், ஓட்டல் வாடகை முழுவதும் மிச்சம் என்கிறான், கணக்கு எழுதியே காலம் கழித்த நீ பார்த்துச் சொல் என்று கேட்டிருக்கிறாய். பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செலவு மிச்சமாகும் என்பதற்காக இந்த வண்டியை வாங்காதே.

மகன் சொல்வது அவன் இருக்கும் ஊருக்குப் பொருந்தக்கூடியதுதான். அங்கே பள்ளி விடுமுறை விழும் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் மாதத்திலும் நான்கு பேர் உள்ள குடும்பம் ஓட்டலில் தங்கி, மூன்று வேளையும் வெளியில் சாப்பிடுவது பெருஞ்செலவு. அதற்கு மாற்றாக, வண்டியை நிறுத்தி மின்சார இணைப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கழிவையும் முறையாகக் கொட்டிவிட்டுப் போகும் முகாம் இடங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. கேரவன்காரர்களுக்கென்று 1907-லேயே சங்கம் தொடங்கிய நாடு அது. அதோடு, சிறிய கேம்பர் வேன் வைத்திருக்கும் பலர் அதையே அன்றாடக் காராகவும் ஓட்டுகிறார்கள். ஆக, அங்கே வண்டி சும்மா நிற்கும் நாள் குறைவு, அது மிச்சப்படுத்தித் தரும் அறை வாடகை அதிகம். இந்த இரண்டும் இருந்தால்தான் கணக்கு நேராகும். நம் பக்கத்தில் இரண்டுமே தலைகீழாக இருக்கின்றன.

கடன் வாங்காமல் கைப்பணத்தில் வாங்குவதால் வட்டிச் சுமை இல்லை என்று எழுதியிருக்கிறாய். வங்கியில் வைப்புத்தொகையாக இருந்து உனக்கு வட்டி தர வேண்டிய பணம் அது. அந்த வட்டி வராமல் போவதும் செலவுதான். பத்து ஆண்டு வைத்திருந்து விற்றால் 6 லட்சம் கிடைக்கும் என்று தாராளமாகவே போடுகிறேன். நீ பார்த்திருக்கும் வண்டிக்கு இப்போதே ஐந்து வயது. பத்து ஆண்டு கழித்து 15 ஆண்டுப் பதிவு முடிந்து புதுப்பிக்க வேண்டிய நிலையில்தான் அது சந்தைக்கு வரும் என்பதையும் மறந்துவிடாதே. தேய்மானம் 12 லட்சம், ஆண்டுக்கு 1,20,000. அந்தப் பத்து ஆண்டும் சராசரியாக 12 லட்சம் வண்டியில் முடங்கிக் கிடக்கும். 7 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 84,000 வட்டி போயிற்று. காப்பீட்டுக்கு 35,000, சர்வீஸ், டயர், பேட்டரி, சில்லறைப் பழுதுக்கு 40,000 என்று ஒதுக்கினால், ஒரு சொட்டு டீசல் போடுவதற்கு முன்பே ஆண்டுக்கு 2,79,000 ரூபாய் ஆகிவிடுகிறது.

இந்தத் தொகையை, ஆண்டில் எத்தனை இரவு அந்த வண்டியில் படுத்து எழுந்திருப்பீர்கள் என்ற எண்ணால் வகுத்துப் பார். 30 இரவு என்றால் ஓர் இரவுக்கு 9,300 ரூபாய்; 60 இரவு என்றால் 4,650. நல்ல லாட்ஜில் இரண்டு அறை எடுக்க 3,000 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 93 இரவு வண்டியில் தூங்கினால்தான் கணக்கு சரிக்குச் சரியாக வரும். அதாவது ஆண்டில் நான்கில் ஒரு பங்கு.

அத்தனை இரவு நாம் எங்கே போகிறோம்? நம் குடும்பங்கள் வெளியூரில் தங்கும் இரவுகளைக் கொஞ்சம் நினைத்துப் பார். பெரும்பகுதி கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போவது; அங்கே மண்டபத்திலேயே அறை கொடுத்துவிடுகிறார்கள். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போகிறோம். கோயில் வாசலில் பங்காளிகள் எல்லோரும் ஜமுக்காளம் விரித்துப் படுக்கும்போது ஒருவன் மட்டும் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வானா? சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே மதுரைக்கு வருமே தவிர, நாம் வெளியே போவதில்லை. மிஞ்சுவது சாரல் காலத்தில் குற்றாலம், மே மாதத்தில் கொடைக்கானலோ மூணாறோ, அமாவாசைக்கு ராமேசுவரம், இவ்வளவுதான்.

இந்த நாட்டில் பயணிக்கு இடம் கொடுப்பது பழைய ஏற்பாடு. மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரம் உனக்கும் தெரிந்ததுதானே. ராமேசுவரத்திலும் பழனியிலும் திருச்செந்தூரிலும் தேவஸ்தான விடுதிகளும் சமூகச் சத்திரங்களும் இன்றைக்கும் குறைந்த வாடகையில் அறை தருகின்றன. போக்குவரத்தும் அப்படியே. மூணாறு போகும் வழியில் மலையடிவாரத்தில் உள்ள போடி வரைக்கும் அகலப்பாதை ரயில் 2023-இல் வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ராமேசுவரத்துக்கு மறுபடியும் ரயிலிலேயே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இறங்கலாம். இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு வண்டி மிச்சப்படுத்தித் தர வேண்டிய தொகை எதுவும் பெரிதாக இல்லை.

டீசலையும் பார்த்துவிடுவோம். மதுரையிலிருந்து மூணாறு போய்வர ஏறக்குறைய 320 கிலோமீட்டர். கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் சுமந்துகொண்டு போடிமெட்டு ஏறும் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தாலே நல்லது. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 2,950 ரூபாய்க்குக் கிட்ட ஆகும். சுங்கச்சாவடியில் கார், ஜீப், வேனுக்கு ஒரு கட்டணம், மினி பஸ்ஸுக்கு அதைவிடக் கூடுதல். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான, 200 முறை கடக்கும் பாஸ்டேக் ஆண்டுப் பாஸ் இருக்கிறது என்றாலும், வாடகை வண்டியாகப் பதிவாகாத கார், ஜீப், வேனுக்கு மட்டுமே அது செல்லும். உன் வண்டி எந்த வகையில் விழுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் செலவைக் கணக்கில் எழுத முடியாது.

இனி, தூங்குவது. மகனுடைய ஊரில் வண்டிக்குள் குளிர் தெரியாமல் இருக்க வழி தேடுகிறார்கள். நமக்கு வெயிலே பிரச்சினை. பகல் முழுவதும் 40 டிகிரியில் காய்ந்த வண்டிக்குள் இரவிலும் புழுக்கம் தணியாது. ஏ.சி. போடலாம் என்பாய். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-அவர். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே பயன்படுத்தக்கூடிய பாதியான 900 வாட்-அவரைக் கொண்டு சிறிய ஏ.சி.யை ஒரு மணி நேரம் ஓட்டலாம். இரவு முழுவதும் ஓட வேண்டுமானால் லித்தியம் பேட்டரி அடுக்கு வேண்டும், அது லட்சக் கணக்கில் போகும். என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு தூங்குவதை நினைத்துக்கூடப் பார்க்காதே. புகை உள்ளே புகுந்தால் மூச்சே நின்றுவிடும். மலை ஊர்களில் மின்விசிறிகூடத் தேவைப்படாது, அங்கே இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். போனபின் காட்டுப் பகுதியில் இரவில் வண்டியை நிறுத்தவிட மாட்டார்கள், ஊருக்குள் யாராவது இடத்துக்காரருக்கு வாடகை கொடுக்க வேண்டும். தனுஷ்கோடியில் கடலோரம் நிறுத்தி விடியலைப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தாய். மாலையானால் அங்கிருந்து சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

ஆனால் கேரளத்தில் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று அரசே கொள்கை வகுத்து, வாகமனில் நிறுத்துமிடம் ஒன்றும் வந்தது. குமுளி வழியாகப் போனால் நமக்குப் பக்கம்தான். அதுபோல இன்னும் பல இடங்கள் நம் பக்கத்திலும் வந்தால் என் கணக்கை நானே மாற்றி எழுதுவேன். வர வேண்டும் என்றுதான் விரும்புகிறேன்.

என் தங்கை கணவர் ஒத்தக்கடையில் வேன் பட்டறை வைத்திருப்பது உனக்குத் தெரியும். உன் கடிதம் வந்த பிறகு, அங்கே தார்ப்பாய் போட்டு நிற்கும் ஒரு கேரவனைப் பார்ப்பதற்காகவே போனேன். ஆசையாகச் செய்த வண்டி. உள்ளே தேக்குப் பலகை வேலை, மடக்குக் கட்டில், சின்னதாக ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி. அதன் டயர்களைத் தொட்டுப் பார்த்தேன். தரையில் படும் பட்டை புதிதுபோல் ஆழமாக இருக்கிறது, பக்கச் சுவரோ கோடையில் வெடித்த கரிசல் நிலம்போலப் பிளந்திருக்கிறது. ஓரத்தில் 2219 என்று எண் போட்டிருந்தது. 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஓடித் தேயவில்லை, நின்றே செத்துப்போயிருக்கிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பரை விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்கிறது. பேட்டரி இறந்துவிட்டது, ஒயரை எலி கடித்திருக்கிறது. விலைக்கு யாரும் கேட்டு வருகிறார்களா என்றேன். கட்டிலையும் தொட்டியையும் எடுத்துவிட்டு சீட் போட்டுத் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றுதான் கேட்கிறார்களாம். ஆசைப்பட்டுப் போட்ட பணம் முழுவதும் அந்தத் தேக்கிலும் தொட்டியிலும் இருக்கிறது, வாங்குகிறவனுக்கோ அவை வேண்டாத சுமை. மனது கேட்கவில்லை எனக்கு.

சட்டப்படியும் ஒன்றைப் பார்த்துக்கொள். நீ பார்த்திருக்கும் வண்டி மஞ்சள் போர்டு என்று எழுதியிருக்கிறாய். அதை முதலில் சொந்த உபயோக வண்டியாக மாற்ற வேண்டும். பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை விருப்பம்போல மாற்ற முடியாது. கேரவன் கட்டுவதற்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி செய்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவில் ஏற்றாமல் விட்டால், விபத்தென்று வரும்போது காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க அது போதுமான காரணமாகிவிடும்.

உன் கடிதத்தின் கடைசியில் நீ நான்கு வரியில் எழுதிவிட்டுப் போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உன் மனைவிக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை, வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார், முழங்கால் வலியால் லாட்ஜ் மாடிப்படி ஏற முடியவில்லை என்கிறாய். வண்டி வாங்க இது நியாயமான காரணம், இதற்குப் பணம் செலவழிப்பதில் தவறே இல்லை. ஆனால் செலவு செய்கிறோம் என்று தெரிந்தே செய், மிச்சம் பிடிக்கிறோம் என்று எண்ணிச் செய்யாதே. இரண்டுக்கும் நீ ஒதுக்கும் தொகை வேறுபடும்.

இதற்கு 18 லட்சம் தேவையில்லை என்பது என் எண்ணம். மாருதி ஈகோ போன்ற வேன் நீ சொல்லும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. பின்பக்கத்தில் கழற்றி மாட்டும் பெட்டிக் கட்டில், 5 கிலோ சிலிண்டரில் ஓர் அடுப்பு, அடுப்பைக் கதவுக்கு வெளியே வைத்துத்தான் எரிக்க வேண்டும் என்ற கண்டிப்பு, கையில் எடுத்துப் போகும் கழிப்பறைப் பெட்டி, இவ்வளவு இருந்தால் உன் மனைவிக்கு வழியில் வேண்டியது எல்லாம் ஆயிற்று. நிலையாக எதையும் வெட்டி ஒட்டாததால் பதிவில் கைவைக்க வேண்டியதில்லை. மற்ற நாளில் காய்கறி வாங்கவும் மருத்துவமனைக்கும் அதே வண்டி ஓடும், டயரும் நின்று வெடிக்காது. இரவில் தரைத்தளத்தில் அறை உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்கிக்கொள்ளலாம். பேரன் பேத்திகள் எல்லோரும் சேர்ந்து போக வேண்டியபோது டெம்போ டிராவலரை வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், அதோடு டிரைவர் பேட்டா என்பதுதான் இங்கே பேச்சு. மூன்று நாள் போய்வந்தாலும் 20,000 ரூபாயை ஒட்டித்தான் வரும், எஞ்சிய நாளெல்லாம் அது வேறொருவர் கொட்டகையில் நிற்கும்.

அந்தப் பழைய வண்டிக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லையென்றால் பொறுத்திரு. கொடுத்திருந்தால் ஆர்.சி. நகலையும் காப்பீட்டு நகலையும் உடனே எனக்கு அனுப்பு. தங்கை கணவரையும் அழைத்துக்கொண்டு கோவைக்கே வந்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்துச் சொல்கிறோம். உன் மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்