மாலதிக்கு ஒரு பஞ்சாயத்துக் கடிதம்

மாலதி,

இத்தனை நாள் கடிதம் போடாததற்கு நேரில் வரும்போது திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. கோத்தகிரிக் குளிர்தான் இன்னும் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் சின்னவளும் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக் கயலும் காய் விட்டுக்கொண்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக் கயல் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாளாம். ராத்திரி இவள் சோற்றைத் தொடவில்லை. என் குணம்தான் உனக்குத் தெரியுமே, கயலின் அம்மாவைக் கூப்பிட போனைக் கையில் எடுத்துவிட்டேன். இவர்தான் பிடுங்கி வைத்தார். மறுநாள் பார்த்தால் இரண்டும் சில்வர் ஓக் மரத்தடியில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கின்றன! என்னடி ஆச்சு என்றால், "அவ ரப்பர் குடுத்தாம்மா, பழம் விட்டுட்டேன்."

பி.எட்.டில் உருப்போட்டு மறந்த ராபர்ட் செல்மன் இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தார். குழந்தைகளிடம் கேட்டுக் கேட்டு எழுதிய அமெரிக்க உளவியலாளர். 3 வயதிலிருந்து 6 வரை, பக்கத்தில் விளையாடுகிறவர்தான் நண்பர். 5 முதல் 9 வரை, எனக்குப் பிடித்ததைச் செய்கிறவர். நான் என்ன செய்தேன் என்ற கணக்கே கிடையாது. 7 முதல் 12 வரை கொடுக்கல் வாங்கல் புரிகிறது, ஆனால் ஒரு சண்டையில் எல்லாம் போச்சு. சண்டைக்கு அப்புறமும் நிற்கும் நட்பெல்லாம் அதற்கும் மேலே. வயதுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் வரும். ஏழு வயது வாண்டிடம் நாம் விசுவாசம் எதிர்பார்த்தால் எப்படி? நீயே இன்னும் கொடுக்கல் வாங்கலைத் தாண்டவில்லை, வர்க்கிப் பொட்டலத்தை நான் மறக்கவில்லையடி.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் வேலை நாள் குறைந்துவிட்டது. முழுப்பரீட்சை முடிந்ததும் கயல் வீட்டில் திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். சொன்னதும் இவள் கேட்டது, "அப்ப ஜன்னல் சீட் எனக்கா?" எனக்குத் திக்கென்றது. "குழந்தைதானே, மறந்துடும்" என்கிறாள் அம்மா. நான் ஒப்பமாட்டேன். போவது என்றால் என்னவென்று இவளுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். ஜூனில் பள்ளி திறக்கும்போது தெரியும். நீயும் நானும் கடிதத்தில் காலம் தள்ளுகிறோம். இவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்வதுதான் நட்பே. போனில் பேசச் சொன்னால் "சாப்டியா" என்பதோடு தீர்ந்துவிடும்.

உன் நாத்தனார் வீடு திருப்பூரில்தானே? கயலுக்குப் பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் எதுவென்று கேட்டு எழுது. காலாண்டு லீவில் இவளை அங்கே கூட்டிப்போய் ரெண்டு நாள் விடலாம் என்றிருக்கிறேன். இவரிடம் மூச்சு விடாதே, பஸ் செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

உன்
விஜி