நாங்கள் இறங்கி நிற்கிற தண்ணீரை எப்படிக் காய்ச்சுவது? மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக் கழிப்பறைகளிலிருந்து உறிஞ்சிய மலக்கழிவை லாரிகள் எங்கள் மதகடியில் கொட்டுவதைப் பற்றிக் குறைதீர் நாளில் மூன்று முறை மனு கொடுத்துவிட்டோம். விவரமெல்லாம் உங்களிடம் இருக்கிறது. போன வாரம் மறுபடியும் கொட்டினார்கள். இரவு இரண்டு மணிக்கு வந்து, குழாயை நேராக வாய்க்காலுக்குள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விடிந்ததும் அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் பதினெட்டுப் பெண்கள் நடவுக்கு இறங்கினார்கள்.

அதில் என் சின்னம்மாவும் ஒருவர். போன வருஷம் எலிக்காய்ச்சல் வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர். கண் சிவந்து, கெண்டைக்கால் வலியில் நடக்க முடியாமல், தூக்கிக்கொண்டுதான் போனோம். எலியும் மாடும் பன்றியும் விடுகிற சிறுநீர் தண்ணீரில் கலந்து, சேற்றுப்புண் வழியாக உள்ளே போயிருக்கும் என்றார் டாக்டர். அது லாரியால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் வெடித்த அந்தக் கால்களை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். கொக்கிப்புழுவுக்கோ புண் கூட வேண்டாம். மலம் கலந்த ஈர மண்ணில் முட்டையிலிருந்து பொரிந்து, வரப்பில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து ஏறிவிடும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ரத்தம் இல்லை, சத்து மாத்திரை சாப்பிடு என்று இந்தப் பெண்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்!

பத்து மணிக்குக் கஞ்சித் தூக்கைத் திறக்கும்போது அவர்கள் கை கழுவுவதும் அதே வாய்க்காலில்தான். டைபாய்டும் காலராவும் மஞ்சள் காமாலையும் வாய்க்குப் போக வேறு வழி தேட வேண்டியதில்லை. புகார் சொன்னால், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்கிறார்கள். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சலாம். நாள் முழுக்க நாங்கள் இறங்கி நிற்கிற தண்ணீரை எப்படி ஐயா காய்ச்சுவது?

கொட்டுவதை நிறுத்துங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

சாணத்தையும் புழுக்கையையும் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இல்லை நாங்கள். கோடையில் ஆட்டுக்கிடை போட இடையரைத் தேடிப் போய் அழைத்து வருவோம். எருக்குழியில் மாதக்கணக்கில் மக்கியதைத்தான் வயலுக்கு எடுப்போம். மனிதக் கழிவும் குழியில் மூடி ஒன்றிரண்டு வருஷம் கிடந்தால் எருவாகும் என்று சொல்லித்தானே இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டச் சொன்னீர்கள்? வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்தீர்கள், போட்டோ எடுத்தீர்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் மக்குவதற்கு முன்பே குழி நிறைந்தால் அது எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஓரடி தோண்டினாலே ஊற்று வருகிற ஊர் இது. குழி சீக்கிரம் நிறைகிறது, லாரி வருகிறது, ஊரெல்லாம் கழிப்பறைக்குள் அடைத்துவைத்தது ஒரே இரவில் வாய்க்காலுக்கு வந்துவிடுகிறது.

லாரி ஓட்டுகிற தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு தூரம், டீசல் என்ன விலை என்று அவரிடமே கேட்டுப் பார்த்தேன். கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அரசு 2014-லேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. கொண்டுபோகப் பக்கத்தில் இடம் வேண்டாமா? உரிமம் இருக்கிறதா, எங்கே கொட்டுகிறார் என்று யாராவது பார்க்க வேண்டாமா?

2022 ஜூலையில் பக்கத்துக் காரைக்காலில் காலரா வந்து பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். அப்படி ஒன்று இங்கேயும் வந்த பிறகுதான் எங்கள் மனு மேலே வருமா? கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

இன்னும் சில வாரங்களில் ஆடிப்பெருக்கு. புதுத் தண்ணீரைக் கும்பிடப் பெண்கள் காதோலை கருகமணியோடு படித்துறைக்கு வருவார்கள், பிள்ளைகள் குதித்துக் குளிப்பார்கள். அதற்குள் மதகடியைச் சுத்தம் செய்து கொடுங்கள். லாரிகள் கொட்ட அருகில் முறையான இடம் ஒதுக்குங்கள். அதுவரைக்கும் இரவுக் காவலுக்கு ஒருவரை அனுப்புங்கள், ஊர்ப் பையன்கள் நான்கு பேர் துணைக்கு நிற்கத் தயார். வாய்க்காலில் கொட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்