வெட்டிய மரத்தில் பெயரை எழுதிவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சிங்கப்பூரின் ஈசூனில் நான் குடியிருக்கும் புளோக்கின் பின்புறம் நின்ற மூன்று மரங்கள் சென்ற மாதம் ஒரே காலையில் வெட்டப்பட்டன. நான் காப்பியைக் குடித்துவிட்டுக் கீழே இறங்குவதற்குள் கிளைகளெல்லாம் இலையோடு சேர்ந்து தூளாக்கும் இயந்திரத்துக்குள் போய்விட்டன. அடிமரத்துண்டுகள் மட்டும் புல்தரையில் வரிசையாகக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பையன், தொடக்கக் கல்லூரியில் படிப்பவன், என்னிடம் வந்து, "தாத்தா, இதில் வில் செய்ய முடியுமா?" என்று கேட்டான். மரம் எதுவென்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இயலாது. வேலை செய்துகொண்டிருந்த ஊழியர்களில் ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், அவரிடம் விசாரித்தேன். "எங்களுக்கு நம்பர்தான் கொடுப்பாங்க ஐயா, பேரெல்லாம் தெரியாது" என்றார். மதிய உணவு நேரத்துக்குள் லாரி வந்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மரங்களை வெட்டியதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. உள்ளே இற்றுப்போன மரம் மழைக்காற்றில் யார் தலையிலாவது விழுவதைவிட முன்பே வெட்டிவிடுவது மேல். என் வேண்டுகோள் வேறு. வெட்டிய துண்டின்மேல் மரத்தின் பெயரையும் வெட்டிய தேதியையும் சாக்பீஸால் எழுதிவைக்க வேண்டும். முன்கூட்டியே கேட்டுக்கொண்ட குடியிருப்பாளருக்கு ஒன்றிரண்டு துண்டுகளை அன்றைக்கே கொடுக்க வேண்டும். பெயர் ஏன், அன்றைக்கே ஏன் என்பதை விளக்கத்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. அறைகலன் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற நான், கடந்த ஒன்பது ஆண்டுகளில் பதினான்கு வில்கள் செய்திருக்கிறேன். அவற்றில் ஆறு முறிந்துவிட்டன. கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த ஆறும் கற்றுக்கொடுத்தது.

வில்லை வளைக்கும்போது குறியை நோக்கியிருக்கும் பக்கம் இழுபடுகிறது. எய்பவரை நோக்கியிருக்கும் பக்கம் நசுங்குகிறது. இழுபடும் பக்கத்தில் மரத்தின் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். ஓரிடத்தில் உளி ஆழப் பதிந்து நார் அறுந்துபோனாலும், அங்கிருந்துதான் சிலாம்பு கிளம்பும், பிறகு வில் முறியும். 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு முந்திய மனிதரோடு கிடைத்த 1.82 மீட்டர் நீள வில், யூ என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தால் ஆனது. இன்னும் செதுக்கி முடிக்கப்படாத நிலையில் இருந்தது. யூ மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதி இழுவையைத் தாங்கும். உள்ளிருக்கும் செவ்வைரம், அதாவது செந்நிற நடுமரம், நசுங்கலைத் தாங்கும். இயற்கையே இரண்டு அடுக்காகச் செய்து கொடுத்த வில் அது. குளிர்நாட்டு நூல்களும் காணொளிகளும் இத்தகைய மரங்களை மனத்தில் வைத்தே பேசுகின்றன. ஓர் ஆண்டு வளையத்தை மட்டும் விட்டுவிட்டு மேலிருப்பதைச் சீவி எடு என்கின்றன. ஆண்டு முழுதும் மழையும் வெயிலும் மாறி மாறி வரும் இத்தீவில் வளரும் மரங்கள் பலவற்றில் அப்படித் தெளிவான வளையமே தென்படுவதில்லை. ஆகவே நமக்கு வேறு வழி வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். (நம் மொழியில் 'சிலை' என்ற ஒரே சொல் வில்லையும் குறிக்கும், ஒரு மரவகையையும் குறிக்கும். எந்த மரத்தில் வில் செய்வது என்று நம் முன்னோர் கூகலில் தேடவில்லை.)

முதலில் பெயர். சாலையோரத்தில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம் மேசைப் பலகைக்கு அழகாக இருக்கும். ஆனால் அதன் நார் ஓர் அடுக்கில் ஒரு பக்கமும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமுமாகச் சாய்ந்து பின்னிக் கிடப்பதால் ஆப்பு வைத்துப் பிளந்தால் நேராகப் பிளக்காது. அங்சானாவும் பெரும்பாலும் அப்படியே. அதை நம்மவர் சிலர் வேங்கை என்பர். தமிழகத்து வேங்கையும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள். இலையில்லாமல் கிடக்கும் துண்டு அங்சானாதானா என்று அறிய ஒரு வழி உண்டு. பட்டையைக் கீறினால் சிவப்புப் பிசின் கசியும். வைரப் பகுதியைச் சீவிய தூளைக் கண்ணாடிக் குவளை நீரில் போட்டுச் சற்று நேரம் வைத்து, வெயிலில் தூக்கிப் பார்த்தால் நீரின் விளிம்பில் நீல ஒளி தெரியும். என் பேத்தி இதை மந்திரம் என்றே நம்பினாள். சவுக்கை அடையாளம் காண்பது எளிது: ஊசி இலைபோல் தொங்குபவை உண்மையில் மெல்லிய கிளைகள், கணுக் கணுவாகப் பிடுங்கினால் ஒவ்வொரு கணுவிலும் ஆறு முதல் எட்டுச் சிறு பற்கள் இருக்கும். மரம் கனமானது, உறுதியானது, ஆனால் காயும்போது வெடிப்பதில் அதற்கு ஈடு கிடையாது.

நான் நம்பிக் கையிலெடுப்பது கொய்யாவை. வழவழப்பான பட்டை செதில் செதிலாக உரிந்து உள்ளே பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும்; அதனால் அதைத் தவறவிட முடியாது. கவட்டை செய்யக் கொய்யாக் கிளை தேடாத சிறுவன் எங்கள் காலத்தில் இல்லை. அந்தத் தேர்வில் ஞாயம் இருந்தது; நார் நெருக்கம், முறிவதற்கு முன் வளைந்து கொடுக்கும் குணம். ஆறடிக்கு நேராக வளர்ந்த தண்டு கிடைப்பதுதான் அரிது.

பெயர் தெரியாமல் எடுப்பதில் ஆபத்தும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் வளரும் ரெங்காஸ் மரம் மாமரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பால் காற்றுப் பட்டதும் கறுக்கும், தோலில் பட்டால் கொப்புளம் போடும். அரளிக் கம்பு நேராக, ஆசை காட்டும்படி வளரும்; அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு. பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருளுக்குப் பெயர் தெரியாத மரம் கூடாது என்பது என் பட்டறையின், அதாவது என் சமையலறைப் பின்கட்டின், முதல் விதி.

அடுத்து, வெட்டிய அன்றைக்கே செய்ய வேண்டியவை. மரத்தின் நீர் முனைகளின் வழியாகத்தான் மிக விரைவாக வெளியேறும். அதனால் முனைகள் உடலைவிட முந்திக் காய்ந்து சுருங்கி வெடிக்கும். துண்டு கைக்கு வந்த உடனேயே இரண்டு முனைகளிலும் மரப்பசையோ பழைய எண்ணெய்ச் சாயமோ தடிப்பாகப் பூச வேண்டும். நாளைக்குப் பூசலாம் என்பவர் வெடிப்பின்மேல்தான் பூசுவார். பிறகு பட்டையின் வரிகளைப் பார்க்க வேண்டும். அவை தண்டைச் சுற்றிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு போனால் உள்ளே நாரும் அப்படித்தான் போகும், அந்தத் துண்டை விட்டுவிடலாம். நேராக இருந்தால், ரம்பத்தைத் தொடாமல் ஆப்பு வைத்துச் சுத்தியலால் அடித்துப் பிளக்க வேண்டும். ரம்பம் தன் வழியே போகும். ஆப்பு நாரின் வழியே போகும். பிளப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மரம் காயும்போது நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிடச் சுற்றளவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். முழு உருண்டையாக வைத்த மரம் வெடிக்காமல் காயவே முடியாது.

பட்டை உரிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளையம் தெரியாத நம் மரங்களுக்கு இதுதான் திறவுகோல். புதிதாக வெட்டிய மரத்தில் பட்டைக்கும் மரத்துக்கும் இடையே வழுவழுப்பான ஈரப் படலம் இருக்கும். பட்டையில் நெடுக ஒரு கீறல் போட்டு, மரத்தாலான மழுங்கிய ஆப்பை உள்ளே செலுத்தி நெம்பினால், வாழைப்பழத் தோல்போல அகலமாக உரிந்து வரும். அடியில் வெண்மையாக, தொட்டால் சோப்பைத் தொட்டாற்போல் ஒரு மேற்பரப்பு வெளிப்படும். அந்த மேற்பரப்பு முழுதும் ஓரிழைகூட அறுபடாத நார். அதுவே வில்லின் இழுபடும் பக்கம். அதன்மேல் உளியோ இழைப்புளியோ அரமோ படவே கூடாது. சில நாள் கழித்து இதைச் செய்ய முயன்றால் பட்டை மரத்தோடு இறுகிவிடும், சுரண்ட வேண்டியிருக்கும், சுரண்டினால் நார் அறும். உரித்தபின் அந்தப் பரப்பு முழுவதிலும் மெல்லிய பசைப் பூச்சு கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தலைமுடிபோல் நுண்ணிய வெடிப்புகள் ஒரே இரவில் தோன்றும்.

எனக்குக் கிடைத்த முதல் கொய்யாத் தண்டை, உறவினர் ஒருவரின் தரைவீட்டுத் தோட்டத்திலிருந்து ஆசையோடு கொண்டுவந்து, பட்டையோடு பின்கட்டில் சாத்திவைத்தேன். மூன்றாம் வாரம் தரையில் மாவு கொட்டினாற்போல் தூள் தெரிந்தது. வீட்டுக்காரி மைதா மூட்டை கிழிந்துவிட்டதோ என்று தேடினாள். பட்டைக்கடியில் வண்டு புகுந்து ஊசித் துளைகளாகப் போட்டிருந்தது. முனையில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

காயவைப்பதில்தான் நம் ஊருக்கும் வெளிநாட்டு அறிவுரைக்கும் பெரும் இடைவெளி. பச்சை மரத்தில் நீர் செல்களின் உள்வெளியிலும் செல்களின் சுவரிலும் இருக்கிறது. உள்வெளி நீர் போகும் வரை மரம் சுருங்காது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிச் சுவரிலுள்ள நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கமும் கோணலும் தொடங்கும். வில்லுக்கு 8 முதல் 10 விழுக்காடு ஏற்றது. ஆனால் சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அந்தக் காற்றில் எத்தனை ஆண்டு வைத்தாலும் மரம் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் நின்றுவிடும். மரத்தை நிழலில் ஓராண்டு காற்றாடவிடு என்று எழுதுபவர் நம் தாழ்வாரத்தைக் கண்டதில்லை. அந்த ஈரத்தோடு வில் செய்தால் அது முறியாது. வளைந்தபடியே நின்றுவிடும், நாணைக் கழற்றினாலும் நிமிராது. என் வில்களில் இரண்டு அப்படிச் சோம்பிப்போய்ச் சுவரில் தொங்குகின்றன.

இப்போது நான் செய்வது இதுதான். பிளந்த துண்டை வில்லின் உருவத்துக்குக் கிட்டத்தட்டச் செதுக்கி, கைப்பிடியை மட்டும் தடிப்பாக விட்டு, நேரான சட்டத்தோடு கயிற்றால் இறுகக் கட்டி, வெயில் படாத இடத்தில் நிறுத்துவேன். கணு இருக்கும் இடத்தில் சற்றுக் கூடுதலாக மரம் விடுவேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை போட்டு அதன்மேலேயே பென்சிலால் எழுதுவேன். இப்போது கையிலிருக்கும் கொய்யா 2,410 கிராமில் தொடங்கியது; பதினோராவது வாரம் 1,760-ல் நின்று அதற்குமேல் இறங்க மறுத்தது. பிறகு அதைக் குளிர்சாதன அறையின் அலமாரிமேல் ஏற்றினேன். அறையின் ஈரப்பதம் 55 விழுக்காட்டில் நின்றால் மரம் 10 விழுக்காட்டுக்கு வந்துவிடும். "மனுசனுக்கே ராத்திரிதான் ஏர்கான், மரத்துக்கு நாள் முழுக்கவா?" என்று வீட்டில் கேட்கிறார்கள், மின்கட்டணத்தைப் பார்த்தால் கேள்வி நியாயமானதே. ஈரம் எவ்வளவு என்பதைக் கணக்கிடக் கருவி வாங்க வேண்டியதில்லை. செதுக்கும்போது விழுந்த சீவலை எடை போட்டு, அடுப்புப் பெட்டியில் சுமார் 103 பாகையில் எடை மாறாத வரை காயவைத்து மீண்டும் எடை போட்டால் போதும். 60 கிராம் 40 ஆனால், போன நீர் 20. காய்ந்த எடையில் அது 50 விழுக்காடு.

பொதுத் தாழ்வாரத்தில் காயவைப்போர் 1.2 மீட்டர் அகல வழியை விட்டுவைப்பது கட்டாயம். பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ அனுமதியின்றி மரத்தை வெட்டுவதும் எடுப்பதும் குற்றம். கேட்டு வாங்க வழி வேண்டும் என்று நான் சொல்வதன் காரணமும் அதுவே.

தேசியப் பூங்காக் கழகம் 2018-ல் தொடங்கிய இணைய வரைபடத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், ஒவ்வொன்றும் எந்த வகை என்ற குறிப்போடு, இடம்பெற்றிருக்கின்றன. அப்படியிருக்க, வெட்டும் ஊழியரின் தாளில் எண்ணுக்கு அருகில் பெயரையும் அச்சிடுவது பெரிய காரியமாக இருக்க முடியாது. வெட்டுவதற்கு முன் மின்தூக்கி அருகே நகர மன்றங்கள் ஒட்டும் அறிவிப்பிலும் அந்தப் பெயரைச் சேர்க்கலாம். துண்டு வேண்டுவோர் பதிவு செய்ய ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுக்கலாம். எஞ்சிய மரம் வழக்கம்போல் தூளாகட்டும். கரையோரப் பூந்தோட்டங்களில் வெட்டிய கிளைகளை எரித்து மின்சாரம் எடுப்பதை நான் அறிவேன், அதற்கு என் இரண்டு துண்டுகளால் குறை வராது. பக்கத்து வீட்டுப் பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எடை போட வருகிறான். சென்ற வாரமும் அதற்கு முந்திய வாரமும் தராசு 1,650 என்றே காட்டியது. எங்கள் புளோக்கின் முன்புறம் இன்னும் இரண்டு மரங்களுக்குச் சிவப்புக் குறி போட்டிருக்கிறார்கள். அவற்றின் பெயரை யாராவது தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஈசூன்