கழுத்தைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாதாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நலப் பக்கத்தில் கழுத்தின் முதல் எலும்பைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. அது கொஞ்சம் விலகினாலும் தலைவலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை எல்லாம் வருமாம். மென்மையாக நீவிவிட்டால் தன் இடத்துக்குத் திரும்பிவிடுமாம். சரி என்று படித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பத்தியில், "தோட்டத்து மக்களுக்கு இத்தகைய மென்மையான சிகிச்சை பற்றிய விழிப்புணர்வு இல்லை" என்று ஒரு வரி. கையிலிருந்த காப்பி ஆறிப்போனது.

நான் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஓர் ஆயா இருந்தார். பால்மரம் வெட்டி, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளி ரப்பர்ப் பாலைச் சுமந்து வருகிறவர்கள் சாயங்காலமானால் அவர் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். சூடு காட்டிய எண்ணெயை வைத்துப் பிடரியில் அவர் விரல் ஓடுகிற ஓட்டம் குழந்தைக்குத் தலை வாரிவிடுவது போல இருக்கும். மென்மையை எங்களுக்கு யாரும் ஈப்போ நகரத்திலிருந்து கொண்டுவந்து காட்ட வேண்டியதில்லை ஐயா.

ஆனால் அந்த ஆயா கை வைக்கும் முன் கேட்பார். எங்கேயாவது விழுந்தாயா? கை மரத்துப்போகிறதா? நடக்கும்போது கால் தடுமாறுகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு, "போய் டிரஸ்சரைப் பார்" என்று தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் அனுப்பிவிடுவார். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். உங்கள் கட்டுரையாளர் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்துப் பட்டம் இருக்கிறது, அந்த மூன்று கேள்விகளில் ஒன்றுகூட அரைப் பக்கத்தில் இல்லை.

என் வீட்டுக்காரர் 22 வருஷம் செம்பனையில், அதாவது எண்ணெய்ப்பனையில், குலை வெட்டியவர். நீளக் கம்பில் கட்டிய அரிவாளோடு காலையிலிருந்து அண்ணாந்தே நிற்கிற வேலை. கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? போன வருஷம் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் இந்த நீவும் சிகிச்சை செய்கிற இடத்துக்கு அழைத்துப்போனேன். தொட்டுப் பார்த்த உடனே "முதல் எலும்பு விலகியிருக்கிறது, பன்னிரண்டு முறை வர வேண்டும்" என்றார்கள். எக்ஸ்ரே கிடையாது, கேள்வியும் கிடையாது. மூன்றாவது முறை போய்வந்த பிறகு இடது கை விரல்கள் மரத்துப்போயின. நீவியதால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. முன்னாலேயே இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிசியோதெரபி பிரிவில் ஒரு மலாய்க்காரப் பெண், என் மகள் வயசு, பிளாஸ்டிக் எலும்பை எடுத்து வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். முதல் எலும்பு ஒரு வளையம். நாம் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி அதற்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவில்தான் நடக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் அந்த எலும்பின் ஓட்டைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. அது உண்மையிலேயே விலகிவிட்டால் ஆஸ்பத்திரிதான், எண்ணெய் இல்லை. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அங்கே எலும்புகளைக் கட்டிப் பிடிக்கும் தசைநார் தளர்ந்திருக்கலாம், இன்னும் கவனம் வேண்டும். மென்மையாக நீவினால் இறுகிய தசை தளரும், வலி குறையும், அது நல்லதுதான், எலும்பு நகர்ந்துவிட்டது என்று மட்டும் நம்பாதீர்கள் அம்மா என்றாள். வெளிநோயாளிக் கட்டணமாக ஒரு வெள்ளி, ஒரே ஒரு ரிங்கிட்தான் கொடுத்திருந்தோம்.

இன்னொன்று. அந்த எலும்புக்கு அட்லஸ் என்று பெயர், பூமியைச் சுமந்தவன் பெயர் என்று எழுதியிருந்தார். கிரேக்கக் கதையில் அவன் சுமந்தது வானத்தை. போகட்டும். என் அம்மா சுமந்த வாளிகளுக்கு யாரும் எந்த எலும்புக்கும் பெயர் வைக்கவில்லை.

கட்டுரைக்கு நேர் கீழே அதே சிகிச்சைக்கு ஒரு கட்டம் கட்டிய விளம்பரம் இருந்தது. தற்செயலாகத்தான் இருக்கும். முப்பது வருஷமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவள் தப்பாக நினைக்கக் கூடாது அல்லவா? எங்கள் பஸ் நிற்குமிடத்துக்குக் கூரை இல்லை என்று நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக வெட்டி, ஊர்ப் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள். அப்போதும் ஒன்றும் நினைக்கவில்லை. கூரை இன்னும் வரவில்லை. தீபாவளி மலருக்குப் படம் வேண்டுமென்றால் மட்டும் தோட்டத்துக்கு வருகிறீர்கள், விழிப்புணர்வு இல்லாதவர்களின் கோலத்தை எடுக்க.

நம் மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. எலும்பு, மூட்டு, தசைகளைக் கையால் சரிசெய்கிற கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி எல்லாம் அதில் வருகின்றன. கழுத்தில் கை வைக்கிறவரிடம் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ஆயாவின் மூன்று கேள்விகளையும் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் சரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்